ஃப்ரீவீல் இல்லாத சைக்கிள்

சிதம்பரம்
8.6.2008

அன்புள்ள எழிலுக்கு,

ராஜவேல் எழுதுகிறேன். என் நிலைமையை எழுதினால் அது புலம்பலாகிவிடும், உன் நிலைமையைக் கேட்டால் அது விசாரணையாகிவிடும். போனில் பேசினால் ஒன்று அழுகிறோம், இல்லாவிட்டால் கத்துகிறோம், போனே வேண்டாம் என்றாய். அதை மதித்து நாலு மாதம் சும்மா இருந்தேன். இன்றைக்கு எழுத ஒரு சேதி கிடைத்திருக்கிறது. சைக்கிள் வாங்கியிருக்கிறேன்.

புவனகிரி பண்டகசாலைக்குத் தினம் போய்வரத்தான். அமுதன் போனதிலிருந்து நான் எந்த வண்டியையும் தொட்டதில்லை, உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகப் பஸ்தான். இப்போது பஸ்ஸிலும் உட்கார முடியவில்லை. அதன் காரணத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கீழவீதிக்குப் பின்னால் சிங்காரம் என்று ஒருவர் பழைய சைக்கிள் வாங்கி விற்கிறார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அவர் கடையில் கூட்டம். இருந்ததிலேயே மலிவான சைக்கிளைக் கேட்டேன். மூலையில் துருப்பிடித்த ஒன்று சாய்ந்து கிடந்தது. அதைக் கை காட்டினதும் மனுஷன் பதறிப்போனார்.

"சார், அத மட்டும் கேக்காதீங்க. அதுல ஃப்ரீவீல் கெடையாது. ஏழு நாளு எறங்காம சைக்கிள் ஓட்டுறேன்னு வித்தை காட்டுனான் பாருங்க, அவன் வித்துட்டுப் போனது. பின்னாலயும் ஓட்டணும்னு பல்சக்கரத்த வெல்டு வெச்சிட்டான். மிதிச்சாதான் போவும். நீங்க காலை நிறுத்துனா அதுவும் நிக்கும். சும்மா வராது."

சும்மா வராது என்றதும் அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன். மற்ற சைக்கிளில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் சக்கரம் பாட்டுக்கு உருளும். இதில் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், பெடலோடு காலும் சுற்றியாக வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். என்னைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டது. எழுந்து தள்ளிக்கொண்டு நடந்தால், தள்ளும்போதும் பெடல் சுற்றி முழங்காலுக்குக் கீழே அடிக்கிறது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறேன், பெரிய காயமில்லை.

வீட்டுக் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு யாரிருக்கிறார்கள்?

உன்
ராஜவேல்

---

கடலூர் முதுநகர்
16.6.2008

மாமாவுக்கு,

எழிலரசி எழுதுவது. கடிதத்தை அண்ணன்தான் தபால்காரரிடம் வாங்கினார். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வக்கீல பாக்கப் போலாம்னா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க, இங்க கடுதாசி வேற நடக்குதா"ன்னு கேட்டார். திருநாவுக்கரசு அண்ணன் கோபக்காரர் என்றாலும் எனக்குக் கெட்டது நினைக்கிறவர் இல்லை. இனிமேல் எழுதினால் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுங்கள்.

பதில் எழுதுவதாகவே இல்லை. நாளை மறுநாள் பதினெட்டாம் தேதி. அமுதன் போய் இரண்டு வருஷம். அன்றைக்கு என்னால் பேனா பிடிக்க முடியாது, அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

சைக்கிள் வாங்கினவர் ஒழுங்காக ஒரு சைக்கிள் வாங்கக் கூடாதா? எட்டாயிரம் சைக்கிள் இருக்கிற ஊரில் வித்தைக்காரன் விட்டுப்போனதுதான் உங்கள் கண்ணுக்குப் பட்டதா? உங்களுக்கு என்ன நேர்ந்தாலும் கேட்க ஆளில்லை என்ற தைரியமா? என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது நிறையாத பிள்ளையைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்காரவைத்துக்கொண்டு, பாலத்து இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி வண்டியை உருளவிட்டவர் நீங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்களே சொன்னீர்கள். "நான்தான் ஆஃப் பண்ணேன் எழில். டிராக்டர் குறுக்க வந்துச்சு. ஹாரன் அழுத்துனேன், அடிக்கல." சாவி ஆஃபில் இருந்தால் ஹாரன் எப்படி அடிக்கும்? அந்த வார்த்தைக்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துச் சோறு போட என்னால் முடியவில்லை. அதனால்தான் வந்தேன். உங்களைப் பிடிக்காமல் வரவில்லை.

அந்த சிங்காரத்திடம் சொல்லி ஃப்ரீவீல் மாற்றிக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பிரேக்காவது இருக்கிறதா? அதை எழுதவே இல்லை. காயத்துக்கு எண்ணெய் மட்டும் போட்டால் ஆறாது. துரு கீறியிருந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எழிலரசி

---

சிதம்பரம்
6.7.2008

அன்புள்ள எழிலுக்கு,

ஊசி போட்டுக்கொண்டேன். முன்சக்கரத்துக்குப் பிரேக் இருக்கிறது, சிங்காரம் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார். இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டேன், இனித் திட்டாதே.

நீ எழுதினதெல்லாம் நியாயம். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஃப்ரீவீல் மாற்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் ஒருநாள் மாலை டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் முடிந்து இறக்கம் வந்ததும் டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போட்டு இன்ஜினை நிறுத்தினான். சத்தம் எல்லாம் அடங்கி, காற்று மட்டும் காதில் இரைந்தது. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. நான் எழுந்து கத்தினேனாம். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தி, "பெரியவரே, எறங்குங்க, காத்தாட நில்லுங்க"ன்னு இறக்கிவிட்டுப் போய்விட்டான். எனக்கு முப்பத்தெட்டு வயது, எழில். அவன் கண்ணுக்குப் பெரியவராகிவிட்டேன். அங்கிருந்து வீடுவரை நடந்தேன். மறுநாள் காலையில்தான் சிங்காரம் கடைக்குப் போனது.

இந்தச் சைக்கிள் இறக்கத்தில் உருளாது. மேட்டில் எப்படி மிதிக்கிறேனோ அப்படியே இறக்கத்திலும் மிதித்துத்தான் இறங்க வேண்டும். வேகம் ஏறினால் காலால் எதிர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். தொடை இரண்டும் விண்விண் என்று தெறிக்கிறது. ஆனால் எங்கேயும் அந்த அமைதி வருவதில்லை. சங்கிலி கடகடவென்று கூடவே வருகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வருகிறது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிற தூக்கம், மாத்திரை இல்லாமல்.

பேண்ட் கால் சங்கிலியில் சிக்கினால் இது விடாது, உள்ளே இழுத்துக்கொண்டே போகும். அதனால் இரண்டு காலிலும் சணல் கட்டிக்கொண்டு போகிறேன். பண்டகசாலையில் என்னை இப்போது தபால்கட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சினால் முடியுமா?

பதினெட்டாம் தேதி கோயில் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நீயும் எங்கேயோ உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்
ராஜவேல்

---

கடலூர் முதுநகர்
3.8.2008

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று பதினெட்டாம் பெருக்கு. கெடிலத்தில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை, மணலில் குழி தோண்டி ஊறின தண்ணீருக்குத்தான் அண்ணி படையல் வைத்தார்கள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பஸ் சமாசாரத்தைப் படித்தபோது வகுப்பில் இருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓய்வு நேரத்தில் பிரிசில்லா டீச்சர் வந்து என்னவென்று கேட்டாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கிருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். கடிதத்தையே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "இந்த மனுஷன் தன்னையே ஜெயில்ல போட்டுக்கிட்டு சாவியத் தொலச்சிட்டாருடி. நீ போயி தொறக்கணும்"னா. அவள் ஜெபக்கூட்டத்தில் பேசிப் பழகினவள், அப்படித்தான் பேசுவாள்.

இரண்டு வருஷமாக நான் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். இறக்கத்தில் ஆஃப் பண்ணுகிற பழக்கம் உங்களுடையதா? இல்லை. கல்யாணமான புதிதில் பாலத்து உச்சிக்கு வண்டி போனதும் பின்னாலிருந்து உங்கள் தோளைத் தட்டி, "ஆஃப் பண்ணுங்க மாமா, எறக்கம்தான, தானா போவும்" என்று சொன்னவள் நான்தான். சோப்புத் துண்டுகளை ஒட்டவைத்துப் புதுச் சோப்பாக்குகிறவள் என்று உங்கள் வீட்டில் கேலி செய்வார்களே, அந்த எழிலரசி. இத்தனை ஏச்சு ஏசினேன். "நீதானடி பழக்கின"ன்னு ஒரு வார்த்தை நீங்கள் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

போன சனிக்கிழமை பிரிசில்லாவின் சைக்கிளை வாங்கிப் பள்ளி மைதானத்தைச் சுற்றினேன். ஓட்டிப் பதினாறு வருஷமாகிறது. நடுவில் மிதிப்பதை நிறுத்தி அதன் போக்கில் விட்டுப் பார்த்தேன். சங்கிலிப் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது வந்தது. உடனே இறங்கிவிட்டேன். நீங்கள் ஏன் மாற்றவில்லை என்று அப்போது புரிந்தது.

சணலைக் கழற்றிவிட்டு நல்ல கிளிப் வாங்கிப் போடுங்கள். இங்கே திருப்பாதிரிப்புலியூரில் கிடைக்கிறது, இத்துடன் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்.

எழில்

---

சிதம்பரம்
24.8.2008

அன்புள்ள எழிலுக்கு,

கிளிப் வந்தது. கவரைப் பிரித்ததும் ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்க அலமாரியை நகர்த்தப்போய், இரண்டு வருஷத்துக் குப்பையையும் கூட்டி அள்ளி வீட்டையே கழுவிவிட்டேன். எதிர்வீட்டு தில்லையம்மாள் எட்டிப் பார்த்து, "என்னா ராஜவேலு, எழிலு வருதா"ன்னு கேட்டாங்க. தெரியலைக்கா என்றேன். "தெரியாமயா வூடு கழுவுற"ன்னுட்டு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தாங்க.

பழக்கினது யாராக இருந்தால் என்ன, எழில்? வண்டி என் கையில் இருந்தது.

இப்போது எனக்கு இந்தச் சைக்கிள் பிடிபட்டுவிட்டது. ஏறும்போது பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஏற வேண்டும். வேகம் எடுக்காமல் போனால் புவனகிரிக்கு நாற்பது நிமிஷம். பாலத்து இறக்கத்தில் மற்றவர்கள் காலை விரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள், நான் மட்டும் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டு இறங்குகிறேன். ஒருநாள் டீக்கடையில், "சார், எறக்கத்துல கூடவா மிதிப்பாங்க, பெட்ரோலா செலவாவுது"ன்னு ஒருத்தன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்று உனக்கு எழுதத்தான் இவ்வளவும்.

சிங்காரம் நேற்று பின்னால் ஒரு கேரியர் மாட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே மாட்டினார். "ஒத்தையாவே எத்தினி நாளு ஓட்டுவீங்க"ன்னார். உட்காரக் கெட்டியாகத்தான் இருக்கிறது, நான் அமுக்கிப் பார்த்தேன்.

முன்பு உன்னைக் கூப்பிட எழுதவில்லை என்று எழுதினேன். அது சுத்தப் பொய். கூப்பிடத்தான் எழுதினேன். வா எழில். எதிரெதிரே உட்கார்ந்து அழுதாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு ஊரில் அழுவதைவிட அது மேல்.

உன்
ராஜவேல்

---

கடலூர் முதுநகர்
21.9.2008

அன்புள்ள மாமாவுக்கு,

காலாண்டுப் பரீட்சை முடிகிறது. அண்ணனிடம் நேற்றுப் பேசிவிட்டேன். வக்கீல் வேண்டாம், நான் சிதம்பரம் போகிறேன் என்றேன். "நீ அழாம இருந்தா எனக்கு அது போதும் தங்கச்சி. ஆனா அந்தாள என் வூட்டுக்கு மட்டும் கூட்டியாராத"ன்னார். இந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெரிசு.

விஜயதசமி அன்று, அக்டோபர் ஒன்பதாம் தேதி, காலை பஸ்ஸில் வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே தினம் வந்துபோகலாம், எத்தனையோ டீச்சர்கள் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அந்தக் கேரியரில் எல்லாம் உட்கார மாட்டேன், பெட்டியை வேண்டுமானால் வையுங்கள். நான் பக்கத்தில் நடந்து வருவேன்.

உங்களை நான் மன்னித்தாயிற்று. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

வருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. அன்றைக்கு நான் உங்களோடு வரவில்லை. பெண்ணாடத்தில் உங்கள் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று சீர்வரிசைத் தட்டுகளோடு முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டேன். அந்தப் பாலத்தில் நடந்தது என்ன என்று உங்களை நான் முழுசாகச் சொல்லவே விட்டதில்லை. வாயைத் திறக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது கேட்கிறேன். நாம் மூன்று பேரும் போகும்போது சாவியைத் திருப்புவது அமுதன் வேலை. நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு நான்தான் ஆஃப் பண்ணினேன் என்று நீங்கள் சொன்னீர்கள். ஏறின இடத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒளிக்காமல் ஒருமுறை எழுதிவிடுங்கள். படித்துவிட்டுக் கிழித்துப்போட்டுவிட்டு வருகிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் இதைப் பற்றிக் கேள்வி இருக்காது.

எழில்

---

சிதம்பரம்
28.9.2008

என் அன்பான எழிலுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ உள்ளுக்குள் அறிந்துதான் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். ஒளிக்காமல் எழுதச் சொல்கிறாய். பொய்யை நடுவீட்டில் வைத்துக்கொண்டு உன்னோடு குடித்தனம் பண்ண எனக்கும் மனசு வரவில்லை.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். புதுச் சட்டை போட்டுவிட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அத்தை மகளுக்குக் காது குத்தினால் ரத்தம் வருமா, தட்டில் எத்தனை லட்டு இருக்கும், இதுதான் பேச்சு. பாலத்தில் ஏறினோம். உச்சியை நெருங்கும்போது கீழே இடது பக்க மண்சாலையிலிருந்து ஒரு டிராக்டர் மூக்கை நீட்டுவதைப் பார்த்தேன். தூரத்தில்தான் இருந்தது. ஹாரன் அடிக்க விரலை வைத்தேன். அந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது.

"அப்பா, நான் ஆஃப் பண்ணிட்டேன். அம்மா இல்லன்னாலும் பண்ணிட்டேன் பாரு. அம்மாகிட்ட சொல்லணும்"னான்.

ஹாரன் அடிக்கவில்லை. வண்டி இறங்க ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை அமுக்கினேன், உருண்டுகொண்டேதான் போனது. சாவியைத் திருப்பக் கையை நீட்டினேன். சாவியின் மேல் அவன் கை இருந்தது. பெருமையாகப் பிடித்துக்கொண்டிருந்தான். தட்டிவிட்டிருக்க வேண்டும். அடிபடுமோ, அழுவானோ என்று ஒரு நொடி யோசித்துவிட்டேன். அந்த ஒரு நொடிதான், எழில். அதற்கு நான்தான் பொறுப்பு. அவன் சின்னப் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, நான்தான் ஆஃப் பண்ணேன் என்று. யோசித்துச் சொல்லவில்லை. அப்படியே நின்றுவிட்டது. ஃப்ரீவீல் இல்லாத சைக்கிளை ஏன் விடவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அதில் யார் கையும் ஒன்றையும் நிறுத்திவிட முடியாது.

இவ்வளவுதான். ஒன்பதாம் தேதி காலை பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

உன்
ராஜவேல்

---

கடலூர் முதுநகர்
4.10.2008

மாமாவுக்கு,

கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போக மனசில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி ஊட்டிவிட்டார்கள், வாந்தியாகிவிட்டது.

நான் அறிந்து கேட்கவில்லை, மாமா. அது அவனில்லை என்று நீங்கள் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன். நான்தான் ஆஃப் பண்ணேன் என்ற உங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருஷமும் எழுந்து குளித்துப் புடவை கட்டிப் பள்ளிக்கூடம் போனேன். உங்களை வெறுத்தேன், அதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அப்புறம் மன்னித்தேன், அதிலும் மூச்சு விட முடிந்தது. இப்போது யாரை வெறுப்பது, யாரை மன்னிப்பது?

அவன் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். "இந்தப் பக்கம் திருவு கண்ணு, மெதுவா. அம்மா சொன்னதும் டக்குனு திருவணும்." சரியாகச் செய்தால் ஒரு கடலை மிட்டாய். அம்மா இல்லாவிட்டாலும் பண்ணினேன் என்று சொன்னானாமே. என்னிடம் சொல்ல வேண்டும் என்று. நான் அங்கே லட்டுத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று பிரிசில்லா வற்புறுத்தி ஒரு வகுப்புக்கு மட்டும் கூட்டிப்போனாள். ஏழாறு எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். நாற்பது கை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சிதம்பரம் வர முடியாது. உங்களைப் பார்த்தால் அவன் சொன்னதைக் கேட்ட காது உங்களுடையது என்று தோன்றும். கேட்டுக்கொண்டே இருப்பேன், இன்னும் என்ன சொன்னான், இன்னும் என்ன சொன்னான் என்று.

ஒன்று செய்யுங்கள். அது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் நம்பிவிடுகிறேன், நம்ப எனக்குத் தெரியும். அப்படி எழுதினால், பிள்ளை மேல் பழி போட்டவர் என்று அப்புறம் ஒருநாளும் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

எழிலரசி

---

சிதம்பரம்
6.10.2008

எழிலரசிக்கு,

போன கடிதத்தில் எழுதினது பொய்.

சாவியைத் திருப்பினது நான். அமுதன் தொடவே இல்லை. அவன் இரண்டு கையாலும் ஹேண்டிலின் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் பிடிக்கச் சொன்ன இடத்தில். ஆஃப் பண்ணட்டுமா என்றுகூட அவன் கேட்கவில்லை. லட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். உச்சிக்கு வந்ததும் நானாகத் திருப்பினேன். டிராக்டரையும் பார்த்தேன், தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் நடந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதினதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இனி ஒரு சொல்லும் கேட்காமல் உன்னோடு இருக்க வேண்டும் என்ற ஆசை. அதற்காகப் பிள்ளையின் தலையில் கட்டினேன். அவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா என்ற தைரியம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றானே, அதுவும் நான் இட்டுக்கட்டினதுதான். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் அன்றைக்கு நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நீ வர வேண்டாம். ஒன்பதாம் தேதி நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் போவதில்லை. உன் அண்ணன் முதலிலிருந்தே என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார். வக்கீல் எதில் கேட்டாலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று அவரிடம் சொல்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. கத்தித் திட்டு, அண்ணி கேட்டாலும் பரவாயில்லை. திட்டிவிட்டுக் கொஞ்சம் ரசம் விட்டாவது சாப்பிடு. வியாழக்கிழமைக்கு அப்புறம் பள்ளிக்கூடம் திறந்ததும் போய்விடு, வீட்டில் இருக்காதே. பிள்ளைகள் கையைத் தூக்கினால் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடு. நீ கூப்பிட வேண்டும் என்றுதான் தூக்குகிறார்கள்.

நீ ஒரு வரிதான் கேட்டாய். ஒரு வரியில் உனக்கு நம்பிக்கை வராமல் போய்விடுமோ என்று இத்தனையும் எழுதினேன். நான்தான் ஆஃப் பண்ணேன், எழில். என் கைதான்.

பதில் எழுத வேண்டாம்.

ராஜவேல்